கணவரும் போதகர், நானும் போதகர்: எதை விட்டுக்கொடுப்பது?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நான் குருப்பட்டம் பெற்ற போதகர், என் கணவரும் போதகர், இருவருக்கும் தனித்தனிச் சபைகள். இல்லறம், அழைப்பு இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?"

சகோதரி, நீங்கள் இரண்டு பொறுப்புகளைச் சொல்கிறீர்கள். உங்கள் தோளில் இருப்பவை மூன்று. கணவருடைய சபையில் 'போதகரம்மா' என்ற பொறுப்பும் உங்களைக் கேட்காமலே வந்து சேர்ந்திருக்கும். விட்டுக்கொடுக்க வேண்டியது ஒன்று உண்டென்றால், அது இதுதான். என் சபையில் திருவிருந்து ஆராதனையை முடித்து, அங்கியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என் கணவருடைய சபையின் பெண்கள் கூட்டத்துக்கு ஓடிய நாட்கள் உண்டு. அங்கே ஆரம்ப ஜெபம் செய்யவும் பரிசு கொடுக்கவும்தான் என்னை அழைத்திருப்பார்கள். அவர் என் சபைக்கு வந்தாலோ, பிரசங்கம் செய்யச் சொல்வார்கள். இதைப் பற்றி மனைவி பேசினால் முறுமுறுப்பாகத் தெரியும். கணவர்தான் தம் சபையின் மூப்பர்களிடம், "அவருக்கும் மேய்க்க ஒரு மந்தை இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். என் கணவர் அதைச் சொல்லப் பல ஆண்டுகள் ஆயின. (இதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

ரோமர் 16:3இல் பவுல் பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் தம் உடன் வேலையாட்கள் என்கிறார்; மனைவியின் பெயரையே முதலில் சொல்கிறார். 1860ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, பின்னாளில் இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் பிரசங்கத்தை முடித்தபோது, அவருடைய மனைவி கேத்தரின் முன்னே சென்று, தாமும் பேச வேண்டும் என்றார். வில்லியம் அதைச் சபையாருக்கு அறிவித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று மாலைப் பிரசங்கத்தையும் அவரிடமே கொடுத்தார். அப்போது அவர்களுக்கு நான்கு குழந்தைகள், கடைசிக் குழந்தைக்குச் சில மாதங்களே ஆகியிருந்தன. வில்லியம் மனைவிக்கு இடம் கொடுத்ததைப் பலரும் போற்றுகிறார்கள். எனக்கோ, அன்று மாலை அந்த நான்கு குழந்தைகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அடுத்தது இரகசியம். ஒருவரிடம் சொன்னால் இருவரிடமும் சொன்னதுபோல என்று சபையார் நினைத்துக்கொள்வார்கள். ஒரு பெண் என்னிடம் கண்ணீரோடு சொன்னதை நான் இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எடுத்துச் சொன்னால், அது அவளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க உங்களுக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு இரு சபைகளுக்கும் வெளியே மூத்த போதகர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கணவர் கணவராகவே இருக்கட்டும்.

இடமாற்றம் வந்தால் யார் யாருடன் போவது என்பதை, ஆணை கைக்கு வருவதற்கு முன்பே பேசிவையுங்கள்.

ஞாயிறு உங்கள் இருவருக்குமே வேலைநாள்; ஆகவே வாரத்தில் வேறொரு நாளை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். நாங்கள் ஒதுக்கிய நாளில் துக்கச் செய்தி வந்தால், யாருடைய சபையோ அவர் மட்டும் போவார். இழந்த நேரத்தை அந்த வாரத்துக்குள் ஈடுகட்டுவோம். அந்த நாளை நாட்குறிப்பில் பேனாவால் எழுதுங்கள். நாங்கள் முதலில் பென்சிலால்தான் எழுதினோம். ஏதாவதொரு கமிட்டிக் கூட்டம் வந்து வாரந்தோறும் அதை அழித்துக்கொண்டே இருந்தது.