ஊரில் நிலம், நகரில் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

சீனாவில் வீட்டுக்கு வீடு ஒரு சிறு கையேடு இருக்கும். நம் குடும்ப அட்டையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். அதில் பெயர், பிறந்த தேதி, பதிவான ஊர். இதற்கு ஹுகோ என்று பெயர். பல ஆண்டுகள் வரை இன்னொரு விவரமும் அதில் இருந்தது: இவர் விவசாயப் பதிவா, விவசாயம் அல்லாத பதிவா என்பது. அந்த ஒரு வரிதான் ஒருவருக்கு என்ன சாப்பாடு, எந்தப் பள்ளி, எங்கே வைத்தியம் என்பதையெல்லாம் முடிவு செய்தது.

1958 ஜனவரியில் இதைச் சட்டமாக்கினார்கள். நகரத் தொழிற்சாலைகளுக்கு மலிவு விலையில் தானியம் வேண்டும். அதை விளைவிக்கிறவன் கிராமத்தை விட்டு நகரக் கூடாது. இதுதான் கணக்கு. நகரப் பதிவு உள்ளவருக்குத் தானியக் கூப்பன் கிடைத்தது. கிராமத்தான் ரயிலேறி நகரத்துக்குப் போனாலும் கையில் காசு இருந்தால் மட்டும் போதாது, கூப்பன் இல்லாமல் சோறு கிடைப்பதே கஷ்டம். சட்டம் வந்த அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பஞ்சம் தாக்கியது. மாண்டவர்கள் கோடிக்கணக்கில், அவர்களில் பெரும்பாலோர் நெல்லும் கோதுமையும் விளைவித்த கிராமத்து மக்கள்.

1978 கடைசியில் அன்ஹுய் மாகாணத்தில் சியாவ்காங் என்ற கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடி ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள். அதுவரை ஊரே சேர்ந்து உழுத பொது வயலைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வது, அரசுக்குரியதை அளந்துவிட்டு மிச்சத்தைத் தாங்களே வைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். இதற்காக ஊர்த் தலைவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை. விளைச்சல் கூடியதும் அரசே அந்த முறையை நாடு முழுக்கப் பரப்பியது.

வயல் வேலைக்கு இத்தனை பேர் தேவையில்லை என்பது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. மிஞ்சியவர்கள் முதலில் ஊர்ப்பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளுக்கும், பிறகு ஹாங்காங்கை ஒட்டி, 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கப்பட்ட ஷென்ஜென் போன்ற இடங்களுக்கும் போனார்கள். ஷென்ஜென்னில் அவர்கள் தங்கிய இடங்களைச் சொல்ல வேண்டும். நகரம் வளர்ந்து சுற்றி வளைத்த பழைய கிராமங்களில், வீட்டுக்காரர்கள் வயலை இழந்தாலும் வீட்டு மனையை விடவில்லை. அதன்மேல் ஆறு, ஏழு மாடி எழுப்பி அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கட்டடங்களுக்கு இடையே சந்து இவ்வளவுதான்: இந்த ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எதிர் ஜன்னலில் இருப்பவரோடு கைகுலுக்கலாம். ‘கைகுலுக்கும் கட்டடங்கள்’ என்றே அங்கே சொல்கிறார்கள். உலகத்துக்கே செல்பேசி பூட்டிக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் இப்படிப்பட்ட அறைகளிலும் ஆலை விடுதிகளிலும் படுத்து எழுந்தவர்கள்.

உழைக்க வரலாம், ஆனால் பதிவு ஊரில்தான். பிள்ளையை நகரத்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. சேர்த்தாலும் கல்லூரி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவு உள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும். பாடத்திட்டமும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கிராமத்திலேயே வளர்ந்தார்கள். 2013இல் வந்த ஓர் அறிக்கை, இப்படி விடப்பட்ட பிள்ளைகள் 6 கோடிக்கும் மேல் என்றது. 2016இல் வரையறையைச் சுருக்கிக் கணக்கெடுத்ததும் அந்த எண் 90 லட்சமாக இறங்கிவிட்டது. மாறியது கணக்குதான், பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

நகரங்கள் இந்த ஏற்பாட்டில் நன்றாக லாபம் பார்த்தன என்பது என் கருத்து. இளமையும் உடலுழைப்பும் நகரத்துக்கு. பிள்ளை வளர்ப்பும் முதுமையும் கிராமத்தின் செலவு.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008 உலக நெருக்கடியில் ஏற்றுமதி ஆலைகள் மூடியபோது சுமார் 2 கோடி பேர் வேலையிழந்ததாக அரசே சொன்னது. பெரிய கொந்தளிப்பு வரவில்லை. ஊரில் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது, திரும்பிப் போனார்கள். நிலம் கிராமக் கூட்டுச் சொத்து, குடும்பத்துக்கு இருப்பது குத்தகை உரிமை மட்டும், விற்கவும் முடியாது. விற்க முடியாததாலேயே அது கையில் மிஞ்சியது.

இப்போது நிலைமை வேடிக்கையாகத் திரும்பியிருக்கிறது. 2014இல் விவசாயப் பதிவு, அல்லாத பதிவு என்ற பிரிவையே எடுக்கப் போவதாக அரசு அறிவித்தது. சிறு நகரங்கள் ‘வாருங்கள், பதிவு தருகிறோம்’ என்று கூப்பிடுகின்றன. பலர் வர மறுக்கிறார்கள். பதிவை மாற்றினால் நிலமும் மனையும் போய்விடுமோ என்ற பயம். அவர்கள் விரும்பும் பெய்ஜிங்கும் ஷாங்காயுமோ கதவைச் சுலபத்தில் திறப்பதில்லை. 1978இல் சுமார் 18 சதவீதமாக இருந்த நகரவாசிகள் 2023இல் 66 சதவீதம். நகரப் பதிவு உள்ளவர்கள் 48 சதவீதம்தான். இடையில் நிற்பவர்கள் சுமார் 25 கோடிப் பேர்.

முதலில் வந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. வயலை விட்டு வேறு வேலைக்குப் போன கிராமத்தவர்களில் பத்தில் மூவர் 50 வயதைத் தாண்டியவர்கள். கட்டட வேலைக்கு 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை எடுக்கக் கூடாது என்று ஷாங்காய் 2019இல் உத்தரவு போட்டது. ஊர் திரும்பினால் கிராமத்து முதியோருக்கான ஓய்வூதியம் சராசரியாக மாதம் 200 யுவானுக்குச் சற்று மேல். நகரத்து நிறுவன ஊழியருக்கு அது 3,000 யுவானைத் தாண்டும். அந்தக் கட்டடங்களை எழுப்பிய பலர் 60 வயதுக்குப் பிறகும் வேறு வேலை தேடிக்கொண்டிருப்பது இதனால்தான்.

நன்றி, வணக்கம்.