ஒரே எந்திரம், இரண்டு அடையாள அட்டை: உங்கள் முதலாளி யார்?

(திரையில்: நீல நாடாவில் ஓர் அட்டை, சிவப்பு நாடாவில் ஓர் அட்டை)

வணக்கம். ஒரே ஷிப்ட், ஒரே எந்திரம். ஒருவர் கம்பெனி ஆள், பக்கத்தில் நிற்பவர் காண்டிராக்ட் ஆள். திடீரென ஒருநாள் காண்டிராக்ட் ஆளுக்கு வேலை இல்லை. கம்பெனியில் கேட்டால், “காண்டிராக்டரைப் பாருங்கள்.” காண்டிராக்டரிடம் கேட்டால், “கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது, நான் என்ன செய்வது?” அப்படியானால் அவருக்கு முதலாளி யார்?

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. கம்பெனி பதிவு செய்ய வேண்டும், காண்டிராக்டர் உரிமம் வாங்க வேண்டும், அவர் கூலி தராவிட்டால் கம்பெனியே தர வேண்டும் என்றது அது. கொட்டாவி விட்டவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள், கயிறு வருகிறது.

(திரையில்: கயிறு திரிக்கும் கைகள்)

கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலை. 29 தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. “அவர்கள் என் ஆட்களே அல்ல, காண்டிராக்டரின் ஆட்கள்” என்றார் முதலாளி. கயிறு திரித்தவர்கள் அந்த 29 பேர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்; தீர்ப்பைப் படித்த பிறகுதான் முதலாளியும் திரித்திருக்கிறார் என்று தெரிந்தது! மூலப்பொருள் அவருடையது. கட்டடம் அவருடையது. கருவிகள் அவருடையவை. திரித்து முடித்த கயிறும் அவர் வியாபாரத்துக்கே போனது. கயிற்றில் குறை இருந்தால் சரிசெய்யச் சொன்னதும் நிர்வாகமே. ஆள் மட்டும் வேறொருவருடையவராம்!

1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை ஏற்கவில்லை. இடையில் காண்டிராக்டர் என்ற திரை தொங்கினால் அதை விலக்கிப் பார்க்க வேண்டும், சட்டத் தோற்றங்களின் ‘மாயை’யில் ஏமாறக் கூடாது என்றார். ஆங்கிலத் தீர்ப்பின் நடுவே ‘மாயா’ என்றே எழுதியிருக்கிறார். தொழிலாளர் வழக்கில் வேதாந்தம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, கொண்டாடிவிட வேண்டாம். ஒரு வேலையில் காண்டிராக்ட் முறையை அரசு தடை செய்தால், அங்கிருந்தவர்கள் தானாகவே கம்பெனித் தொழிலாளர்கள் ஆகிவிடுவார்கள் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-ல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைத் திருப்பிப்போட்டார்கள். தானாக எதுவும் நடக்காது. ஒப்பந்தமே போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால்தான் வழி. உங்களுக்காக வந்த தடையே உங்கள் வேலையைப் பறிக்கலாம் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. கம்பெனியின் மையப் பணிகளில் காண்டிராக்ட் கூடாது என்கிறார்கள், விதிவிலக்குகளோடு. ஆனால் 1970 சட்டத்தில் 20 பேர் இருந்தாலே பொருந்திய விதிகளுக்கு இனி 50 பேர் வேண்டும். 49 பேரோடு நிறுத்திக்கொள்ளும் காண்டிராக்டர்கள் எத்தனை பேர் முளைப்பார்களோ!

போலியா, இல்லையா என்பதை எப்படிப் பார்ப்பார்கள்? வேலைக்கு எடுத்தது யார், சம்பளம் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாரிடம், அன்றாட வேலையை ஏவுவது யார் என்று நீதிமன்றம் கேட்கும். நீங்கள் காண்டிராக்ட் தொழிலாளர் என்றால் இதை மட்டும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள்: உங்கள் விடுப்பில் கையெழுத்துப் போடுவது காண்டிராக்டரா, கம்பெனி அதிகாரியா?