முதலில் கூரை

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குறும்படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் கதை சொல்ல வரும்போது பெரும்பாலும் ஒரே வசனத்தோடு வருகிறார்கள்: "சேர், முழுக்கதையும் ஒரே அறைக்குள்தான். செலவே இல்லை." செலவு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியில் எடுக்கும்போது ஓரிடம் சரிவராவிட்டால் அடுத்த வளவுக்குப் போகலாம். இங்கே அந்த அறை காலை வாரினால் போக வேறிடம் இல்லை.

அதனால் அறை பார்க்கப் போனால் நான் முதலில் அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பேன். சிரிக்காதீர்கள். தகரத்தின் கீழ் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வன்னியில் தகரத்தின் கீழ் இராதவர்கள் எத்தனை பேர்? காலை வெயில் ஏற ஏறத் தகரம் விரிந்து 'டக், டக்' என்று அடிக்கும். பின்னேரம் சூடு தணியும்போது மறுபடியும் அடிக்கும். வீட்டுக்காரர் காதில் அது விழுவதே இல்லை, பழகிவிட்டது. மைக்குக்குப் பழக்கம் கிடையாது. மகள் தொண்டை அடைக்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தும் இடத்தில் சரியாக ஒரு 'டக்' விழும். மாரியைக் கேட்கவே வேண்டாம். ஒக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் வரை எந்த நேரமும் மழை பிடிக்கலாம். பிடித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வெக்கைக்காகத் தகரத்தின் மேல் கிடுகு பரப்பிய வீடு கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். கிடுகு வெக்கையையும் தணிக்கும், சத்தத்தையும் தணிக்கும்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் சில பிள்ளைகள் படம் எடுத்தார்கள். தகப்பனும் மகளும் காணி உறுதியைத் தேடிப் பழைய பெட்டி ஒன்றைக் கிளறுகிறார்கள், கதை அவ்வளவுதான். நானும் துணைக்குப் போயிருந்தேன். இயக்கும் பிள்ளை, சூரியன் போகும் பாதையைக் காட்டும் செயலியைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தான். வாசலில் சுளகோடு இருந்த வீட்டுக்கார ஆச்சி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி தேடுகிறாய்?"

"வெயில் எத்தனை மணிக்கு உள்ளே வரும் என்று பார்க்கிறேன் ஆச்சி."

"இதற்கா இந்தச் சுற்று? ஏழு மணிக்கு அந்த மூலையில் விழும். எட்டரைக்குக் கட்டில் காலடி. ஒன்பதரைக்கு யன்னலடியோடு போய்விடும். பத்து மணிக்கு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் வரும், அது போகும் வரைக்கும் நீங்கள் வாய் திறக்க இயலாது. பிறகு மீன்காரன் ஹோன் அடிப்பான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் ஒழுங்கை அடங்கும்."

அவன் செயலியை மூடிவிட்டுக் கொப்பியை எடுத்தான். படப்பிடிப்புத் திட்டம் முழுவதும் அந்த ஆச்சியின் வாயிலிருந்துதான் வந்தது. வெயில் தேவையான காட்சிகள் ஏழிலிருந்து ஒன்பதரைக்குள். கைகள், பெட்டி, தாள்கள் என்று பேச்சில்லாத ஷாட்கள் பத்து மணிக்கு. வசனம் இரண்டு மணிக்குப் பிறகு. வீட்டில் ஓர் ஆச்சி இருந்தால் அவரிடம் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், கேளுங்கள்.

அடுத்தது, கதை வரிசையில் எடுக்காதீர்கள். கமரா யன்னலைப் பார்க்கும் ஷாட்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிட்டு, பிறகு கதவுப் பக்கம் திரும்புங்கள். விளக்கைத் தூக்கித் தூக்கி வைப்பதில்தான் பாதி நாள் போகிறது. 1957இல் வெளியான '12 ஆங்ரி மென்' படம் அநேகமாக முழுவதும் ஒரே அறைதான். இயக்குநர் சிட்னி லூமெட் அந்த அறையை மூன்று சுற்றுச் சுற்றி எடுத்தார்: பகல் வெளிச்சத்துக்கு ஒரு சுற்று, மழை இருட்டிக்கொண்டு வருவதற்கு ஒன்று, மேல் விளக்குகள் எரிவதற்கு ஒன்று. நடிகர்கள் குழம்பவில்லையா என்றால், அதற்கு முன்பே இரண்டு வாரம் ஒத்திகை நடந்திருந்தது. கதை வரிசை ஒத்திகையில் இருக்கட்டும்.

குழல் விளக்கின் கீழ் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 தரம் அலையும். குழல் விளக்கும் கண்ணுக்குத் தெரியாமல் அந்தத் தாளத்தில் துடிக்கும். கைபேசி வழக்கமாக வினாடிக்கு 30 பிரேம் எடுக்கும், இரண்டும் பொருந்தாததால் படத்தில் பட்டி பட்டியாக நிழல் ஓடலாம். அதை 25 ஆக்கி, ஷட்டரை வினாடியில் 50இல் ஒரு பங்காக வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

புறப்படுவதற்கு முன் எல்லோரையும் பேசாமல் நிற்க வைத்து அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வசனங்களை வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப அதுதான் கைகொடுக்கும். குளிர்சாதனப் பெட்டி இரைந்தால் நிறுத்துங்கள். நிறுத்தும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, அதை எடுக்கும்போது பெட்டியை மறுபடி போட நினைவு வரும். ஆச்சியின் மீனும் பழுதாகாது.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். தொடர்ச்சியைப் பற்றி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்ததிலும் அப்படியே இருப்பதைப் பற்றி, விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரமில்லை. பெட்டி மூடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, தேநீர் எவ்வளவு குறைந்திருந்தது, தகப்பன் சாரத்தை எப்படிக் கட்டியிருந்தார் என்று ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சாப்பாட்டை மட்டும் அந்த அறைக்குள் பரிமாறாதீர்கள், எறும்பு வந்துவிடும். வணக்கம்.