பார்டர்லைனா, காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.யா? கோவத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

வணக்கம் மக்களே. திருவையாறுலேர்ந்து பேசுறேன். குறுவைக்கு சேறடிக்கிறாங்க, அதான் பின்னாடி டிராக்டர் சத்தம்.

நம்ம பக்கம் ஒரு பொண்ணு திடீர்னு கத்துறா, சாமானை வீசுறா, தன்னையே காயப்படுத்திக்கிறான்னு வைங்க. திமிருன்னு ஒருத்தர் சொல்லுவாரு, நடிப்புன்னு ஒருத்தர் சொல்லுவாரு. மனசு சரியாகணும்னு போய்த் தங்குற குணசீலம் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வைங்கன்னு ஒரு பெரியம்மா சொல்லும். கோயிலுக்குப் போறதை நான் தடுக்க மாட்டேன். டாக்டர்கிட்டயும் போங்கம்பேன். அப்படிப் போறப்போ, இந்த மாதிரி அறிகுறிக்கு அடிக்கடி வர்ற பேரு ரெண்டு. ஒண்ணு பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், சுருக்கமா பி.பி.டி., உணர்ச்சியும் உறவும் நிலையில்லாம ஆடுற ஒரு ஆளுமைக் கோளாறு. இன்னொண்ணு காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. கவுன்சிலிங் வேலையில இருக்குறதால சொல்றேன், வெளியிலேர்ந்து பாத்தா ரெண்டும் அவ்வளவு ஒண்ணு போல இருக்கும்.

மொதல்ல பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசுல தங்கிப்போற பாதிப்பு. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் கரையோரத்துல கடல் சத்தம் கேட்டாலே நடுங்குனவங்களை நமக்குத் தெரியும். நடந்து முடிஞ்சது இப்பவே நடக்குற மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதை ஞாபகப்படுத்துற இடம், ஆளு எல்லாத்தையும் விட்டு விலகிப் போவாங்க. ஆபத்து இன்னும் பக்கத்துலயே இருக்குற மாதிரி உடம்பு விறைச்சே இருக்கும். இந்த மூணும்தான் அடிப்படை.

காம்ப்ளெக்ஸ்னு சொல்றது பெரும்பாலும், தப்பிக்க வழியில்லாம வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டவங்களுக்கு வர்றது. குடிச்சுட்டு வந்து தினம் அடிக்கிற அப்பா, சொந்தக்காரனே சின்ன வயசுலேர்ந்து தொட்ட கொடுமை, கடனுக்காக குடும்பத்தோட செங்கல் சூளையில அடைபட்ட வாழ்க்கை, இந்த மாதிரி. வெள்ளம் ஒரே நாள்ல வடிஞ்சா சாஞ்ச பயிரு நிமிர வழி இருக்கு. பத்து நாள் வடியாம நின்னா வேரே அழுவிடும். அந்த மூணு அடிப்படையோட இங்க இன்னும் மூணு சேரும்: உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாது, நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லைங்கிற எண்ணம் ஊறிப்போயிடும், யாரோடயும் நெருங்க முடியாது.

இதைத் தனியா பிரிச்சுப் பாக்கணும்னு 1992ல சொன்னவங்க ஜூடித் ஹெர்மன்ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர். மனநோய்ங்களைப் பட்டியல் போடுற அமெரிக்காவோட டி.எஸ்.எம். கையேடு இதை இன்னும் தனி நோயா சேக்கல. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11ல சேத்துட்டாங்க, அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரிலதான். அதனால உங்க பழைய சீட்டுல இந்தப் பேரு இல்லைன்னா ஆச்சரியமில்ல. பார்டர்லைனோ 1980லயே டி.எஸ்.எம்.ல ஏறிடுச்சு. அதுல ஒம்போது அறிகுறி, குறைஞ்சது அஞ்சு இருக்கணும்.

சரி, எப்படிப் பிரிக்கிறது? ஒரே தெருவுல ரெண்டு பொண்ணுங்கன்னு நெனச்சுக்குங்க, யாரையும் மனசுல வச்சு சொல்லல. ரெண்டு பேரு வீட்டுக்காரரும் ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போயிருக்காங்க, போனை எடுக்கல.

மொத பொண்ணுக்கு பார்டர்லைன். விட்டுட்டுப் போயிட்டாரோன்னு நெஞ்சு அடைக்குது. விடாம போன் பண்றா. வந்ததும் நீ மனுசனே இல்லன்னு கத்துறா, செத்துடுவேங்கிறா. மறுநாள் அதே ஆளு அவளுக்கு தெய்வம். தான் யாரு, தனக்கு என்ன புடிக்கும்ங்கிறதே ஆளுக்கு ஆளு, நாளுக்கு நாள் மாறும். உள்ளுக்குள்ள ஒரு வெறுமை. யோசிக்காம செலவு பண்றது, திடீர்னு வேலையை விடுறதுன்னு அவசர முடிவும் இருக்கும்.

ரெண்டாவது பொண்ணுக்கு காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி. அவ போனே பண்ண மாட்டா. வண்டி சத்தமும் தாழ்ப்பாள் சத்தமும் கேட்டதும் உடம்பு விறைச்சுப் போவும், ஏன்னா சின்ன வயசுல அந்த சத்தத்துக்கு அப்புறம்தான் அடி விழும். அவரு சாதாரணமா தோளைத் தொட்டாலும் வெடிச்சுக் கத்திடுவா. அப்புறம் நாலு நாள் யார்கிட்டயும் பேச்சு கிடையாது. என்னாலதான் எல்லாம், எனக்கு இதுதான் லாயக்குன்னு ஒடுங்கிடுவா. அவ தன்னைப் பத்தி வச்சிருக்குற எண்ணம் மாறவே மாறாது, எப்பவும் கேவலமாவே இருக்கும்.

கத்தல் ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணுதான். ஒருத்தி விட்டுட்டுப் போயிடாதேன்னு புடிச்சுக்குறா, இன்னொருத்தி கிட்ட வராதேன்னு விலகுறா. நான் மொதல்ல பாக்குறது இதைத்தான். தன்னைக் காயப்படுத்திக்கிறது ரெண்டுலயும் வரலாம், ஆனா பார்டர்லைன்ல அது மையமான அறிகுறிகள்ல ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட சேந்தே இருக்கவும் செய்யும். அதனால இந்த வீடியோவை வச்சு உங்க மருமகளுக்கோ தங்கச்சிக்கோ நீங்களே பேரு வச்சுடாதீங்க.

என்னை ரொம்ப வருத்துற ஒண்ணு இருக்கு. காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.ன்னா பாவம், பார்டர்லைன்னா மோசமான ஆளுன்னு ஒரு பேச்சு பரவுது. அதை நான் ஏத்துக்கவே மாட்டேன். பார்டர்லைன் உள்ளவங்கள்லயும் நெறய பேரு சின்ன வயசுல கொடுமை பட்டவங்க. அது தீராத நோயுங்கிறதும் தப்பு. அமெரிக்காவுல 290 பேரை பத்து வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வுல, 93 சதவீதம் பேருக்கு குறைஞ்சது ரெண்டு வருஷமாவது அறிகுறி அடங்கியே இருந்துச்சு.

பேரு சரியா இருக்கணும்னு சொல்றது வைத்தியத்துக்காகத்தான். பார்டர்லைனுக்கு மார்ஷா லினஹன் உருவாக்குன டி.பி.டி.ங்கிற பேச்சு சிகிச்சை இருக்கு, கொந்தளிப்பைத் தாங்கவும் உறவைக் கையாளவும் பழக்குவாங்க. காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.க்கு அந்தப் பழைய காயத்தையே பத்திரமா எடுத்துப் பேசுற சிகிச்சையும் வேணும்.

தஞ்சாவூர், திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல மனநலப் பிரிவு இருக்கு. ஓ.பி.ல கூட்டமா இருக்கும், பேச நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால எழுதிக்கிட்டுப் போங்க. கோவம் வருதுன்னு மட்டும் எழுதாம, அதுக்கு முன்னாடி என்ன சத்தம், என்ன வார்த்தை, மனசுல என்ன பயம், அப்புறம் புடிச்சுக்கிட்டீங்களா விலகுனீங்களா, எல்லாத்தையும் எழுதுங்க. போக முடியலன்னா, செத்துடலாம்னு தோணுனா, 14416க்கு போன் பண்ணுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்லயே பேசலாம்.

கூட கூட்டிட்டு வர்றவரே அடிக்கிற ஆளாவும் இருக்கலாம். அப்படின்னா, டாக்டர்கிட்ட தனியா பேசணும்னு தயங்காம கேளுங்க. நீங்க சொன்னதை ரகசியமா வச்சுக்கணும்னு 2017 மனநல சட்டமே சொல்லுது. அவரு கொஞ்ச நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கட்டும்.