'அது' என்றால் எது?

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, மழையைப் பார்க்காமல் வந்திருக்கும் நகர்மன்றத் துணைத் தலைவர் அம்மா அவர்களே, மாடி அறையைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். சுருக்கெழுத்துக்கு ஆள் வரவில்லை என்று நான் வகுப்பை மூடப் போனபோது, தன் பேத்தியை முதல் ஆளாகக் கொண்டுவந்து சேர்த்தவர் நம் தலைவர் ஐயா, அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. என் வகுப்புப் பலகையில் நான் அழிக்காத வரி இது. இன்றைக்கு மூன்று பேச்சுகளைச் சொல்ல வந்தேன்: 1945இல் ஜப்பான் பிரதமர் சுசுகி சொன்ன, இரண்டு விதமாகப் பொருள் கொள்ளக்கூடிய 'மொகுசாட்சு' என்ற சொல், 1956இல் சோவியத் தலைவர் குருஷேவின் 'உங்களைப் புதைப்போம்', 2012இல் ஒபாமாவின் ஒரு 'அது'. கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2012 ஜூலை 13, வர்ஜீனியாவில் ரோனோக் என்ற ஊர், தேர்தல் கூட்டம். உங்கள் வாழ்க்கையில் ஒரு நல்ல ஆசிரியர் இருந்திருப்பார், சாலைக்கும் பாலத்துக்கும் யாரோ பணம் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்த ஒபாமா, 'உங்களுக்கு ஒரு தொழில் இருந்தால், அதை நீங்கள் கட்டவில்லை' என்றார். எதை? சாலையையும் பாலத்தையும் என்றது அவர் தரப்பு, தொழிலையே என்று பிடித்துக்கொண்டது அவரை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி தரப்பு. சாலை, பாலம் என்றால் பன்மை வர வேண்டும், அவர் வாயில் வந்தது ஒருமை, பக்கத்தில் நின்ற ஒருமையோ 'தொழில்'. ஆகஸ்டில் டாம்பாவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் 'நாங்கள்தான் கட்டினோம்' என்பதே முழக்கமாகிவிட்டது. தொழிலை மக்கள்தான் கட்டுகிறார்கள் என்று ஒபாமா தனியாக ஒரு விளம்பரம் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்!

இதை வகுப்பில் ஓட்டினேன், முதலில் அந்த ஒரு வரி மட்டும். பதினொரு பேரும் பென்சிலை வைத்துவிட்டு 'இப்படியா சார் சொல்வாரு' என்றார்கள். ஒருத்தியின் அப்பா பஸ் ஸ்டாண்டு அருகே டீக்கடை வைத்திருக்கிறார், அவளுக்கு முகமே சுருங்கிவிட்டது. அப்புறம் முன்னால் இருந்த வரிகளையும் சேர்த்து ஓட்டினேன். எழுதிய நோட்டைத் திருப்பிப் பார்த்தவள், 'ரோட்டைத்தானே சார் சொல்றாரு, எங்க கடை முன்னால ரோடு போட்டப்புறம்தான் அப்பாவுக்கு வியாபாரமே வந்துச்சு' என்றாள். நாலு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, ஆனால் அவர்களும் முழுப் பேச்சையும் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்.

அதற்குத்தான் கேட்கிறேன். சட்டமன்றத்தில் பேசுவது வரிக்கு வரி பதிவாகிறது, நம் நகர்மன்றத்தில் தீர்மானம் மட்டும் ஏடேறுகிறது, பேச்சு முப்பது விநாடித் துண்டாக வாட்ஸப்பில் வருகிறது. முழுப் பேச்சும் எழுதப்பட்டு, இந்த நூலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும். என் மாணவிகள் சம்பளம் வாங்காமல் எழுதித் தரத் தயார். துணைத் தலைவர் அம்மா அனுமதி வாங்கித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஜப்பானும் குருஷேவும் இன்னொரு நாளைக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.