ரோல் காசுக்குள் தேடும் கண்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் வங்கி கவுன்ட்டரில் ஒரு சென்ட் காசு கேட்டால், காகிதம் சுற்றிய ரோலாக எடுத்து வைப்பார்கள். ஒரு ரோலில் 50 காசு, மதிப்பு அரை டாலர். ஐம்பது ரோல் அடங்கிய பெட்டியில் 2500 காசு, மதிப்பு 25 டாலர். முகமதிப்புக்கே வாங்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அதே மதிப்புக்குத் திருப்பிக் கட்டிவிடலாம். பணம் கரையாது. கரைவது நேரமும் கண்ணும்தான். அவற்றை எங்கே செலவழித்தால் பலன் உண்டு என்று இன்று சொல்லப்போகிறேன்.

2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலை புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்துவிட்டது. காசு செல்லும், ஆனால் புதிதாக வராது. பெட்டி கிடைப்பது இனி வங்கிக்கு வங்கி மாறும். அதனால், கிடைக்கிற பெட்டியை அவசரமாகப் புரட்டாமல் பொறுமையாகப் பார்ப்பது இப்போது இன்னும் அவசியம்.

நாம் தேடுவது அச்சு வகை. காசு அடிக்கும்போதோ அதற்குப் பிறகோ அந்த ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்த கோளாறு வேறு கணக்கு. காசை அடிக்கும் அச்சிலேயே ஒரு பிசகு விழுந்திருந்தால், அந்த அச்சு அடித்த காசு எல்லாவற்றிலும் அதே பிசகு, அதே இடத்தில், அதே அளவில் இருக்கும். ஓர் அச்சு லட்சக்கணக்கில் காசு அடிக்கும். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அச்சு எப்படித் தயாராகிறது? காசில் இருப்பதுபோலவே உருவம் மேடாக நிற்கும் ஓர் எஃகுத் துண்டு உண்டு. அதற்கு ஹப் என்று பெயர். அதை இன்னோர் எஃகுத் துண்டின்மேல் வைத்துப் பிரம்மாண்டமான அழுத்தத்தில் அமுக்கினால் உருவம் பள்ளமாகப் பதியும். அந்தப் பள்ளம்தான் அச்சு. முன்பெல்லாம் ஒரே அமுக்கலில் உருவம் முழுதாகப் பதியாது. அமுக்கியதும் எஃகு இறுகிவிடும். சூடேற்றி இளக்கி, மறுபடி அமுக்குவார்கள். இரண்டாம் முறை அச்சு இம்மியளவு திரும்பி உட்கார்ந்தாலும் எழுத்துகள் இரட்டையாகப் பதிந்துவிடும். 1955, 1972 ஆண்டுகளின் புகழ்பெற்ற இரட்டை அச்சுக் காசுகள் இப்படிப் பிறந்தவையே.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரே அமுக்கலில் அச்சு செய்யும் முறை வந்தது. இரட்டிப்பு ஒழிந்தது என்று நினைத்தார்கள், ஒழியவில்லை. புது அச்சுக்கான எஃகின் முகம் நடுவில் சற்றே கூம்பி இருக்கும். ஹப் முதலில் நடுப்பகுதியைத்தான் தொடும். அப்போது எஃகு சாய்ந்திருந்தால் நடுவில் ஒரு தடம் விழுந்துவிடும்; அழுத்தம் ஏற ஏற அது நேராக உட்கார்ந்து, முழு உருவம் வேறு இடத்தில் பதியும். ஆகவே பழைய காசில் விளிம்போர எழுத்தைப் பாருங்கள். புதிய காசில் நடுவைப் பாருங்கள். 2009இல் லிங்கன் மரக்கட்டைமேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் சென்ட் வந்தது. அதில் புத்தகத்தைப் பிடித்த கையில் கூடுதலாக ஒரு விரல் தெரியும் வகைகள் உண்டு. அந்த ஆண்டுக் காசில் விளிம்பைச் சுற்றிச் சுற்றி எழுத்தைப் பார்த்தால் நேரம்தான் வீண்.

இனி, புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம். இரட்டையாகத் தெரிவதெல்லாம் இரட்டை அச்சு ஆகாது. காசை அடித்த கணத்தில் தளர்ந்த அச்சு சற்று நகர்ந்தால், புதிதாக எழுந்த எழுத்தின் பக்கவாட்டை அது தேய்த்துத் தட்டையாக்கும். இதை இயந்திர இரட்டிப்பு என்கிறோம். இதற்குக் கூடுதல் மதிப்பு கிடையாது. லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் படிக்கட்டுபோலத் தட்டையாக, பளபளவென்று, தரையோடு ஒட்டி இருந்தால் அது இயந்திர இரட்டிப்பு. அதில் எழுத்தின் இயல்பான அகலம் குறைந்திருக்கும். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவமும் உருண்டு எழுந்து நிற்கும். எழுத்தின் மூலைகளில் பாம்பு நாக்குபோல ஒரு பிளவு தெரியும். அந்தப் பிளவைக் காணும்வரை எதையும் நம்பவேண்டாம்.

1969ஆம் ஆண்டு, எஸ் குறி போட்ட சான் பிரான்சிஸ்கோ சென்ட் இதற்கு நல்ல பாடம். அதில் இயந்திர இரட்டிப்பு மிகச் சாதாரணம். உண்மையான இரட்டை அச்சு மிக அரிது. பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்தக் காலத்தில் நாணயச்சாலைக் குறியைத் தனி உளியால், அச்சு தயாரான பின் கையால்தான் அடித்துப் பதிப்பார்கள். ஹப்பில் அந்தக் குறி கிடையாது. எனவே ஹப் பிசகினால் ஆண்டும் வாசகமும் இரட்டையாகும், எஸ் மட்டும் ஒற்றையாகவே நிற்கும். எஸ் குறியும் ஆண்டோடு சேர்ந்து ஒரே பக்கமாக இரட்டித்திருந்தால், அந்தக் காசைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் குறி அடித்ததால் இன்னொரு வகையும் பிறந்தது. முதல் அடி சரியாக விழாமல் மறுபடி அடித்தபோது டென்வரின் டி மேல் டி, எஸ் மேல் எஸ் என்று பதிந்தவை. 1944இல் எஸ் குறியின்மேல் டி அடித்த அச்சுகூட உண்டு. சென்ட்டில் 1989 வரைதான் இதைத் தேடவேண்டும். 1990 முதல் குறி மூல அச்சிலேயே சேர்ந்துவிட்டது. நம் ஊர்க் காசில் ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் கண் தானாகவே போகும்.

மூன்றாவது ஏமாற்று, தேய்ந்த அச்சு. 1955 சென்ட்டில் கடைசி ஐந்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு ஐந்து தெரிவது உண்டு. அது அச்சு தேய்ந்ததால் வந்த நிழல். அசல் 1955 இரட்டை அச்சில் ஆண்டும் மேலுள்ள வாசகமும் லென்ஸ் இல்லாமலே தனித்தனியாகப் பிரிந்து தெரியும். 1982க்குப் பிந்தைய துத்தநாகக் காசில் மேல்பூச்சுச் செம்பு எழுத்தோரம் விண்டு சாம்பல் கோடு தெரியும், கொப்புளமும் எழும். இவையும் ஏமாற்றுக்காரர்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமாக ஒற்றை விளக்கு, மஞ்சள் ஒளியாக இருந்தால் நல்லது, சாய்வாக விழவேண்டும். லென்ஸைச் சுற்றி வளையமாக எரியும் எல்இடி நிழலையெல்லாம் அழித்துவிடும்; பிளவு தெரியாது. தேடுவதற்கு ஐந்து அல்லது ஏழு மடங்கு லென்ஸ் போதும். உறுதிசெய்யப் பத்து மடங்கு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். காசின் விளிம்பை மட்டும் பிடித்து, ஒளியில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

முதல் சுற்றில் லென்ஸையே எடுக்காதீர்கள். ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1958 வரையிலான கோதுமைக் கதிர்க் காசுகள் தனி. செம்பையும் துத்தநாகத்தையும் பிரிக்கக் காது போதும். கேளுங்கள்.

(மேசையில் ஒரு காசு விழும் ஒலி)

இந்த 'டிங்' 1978ஆம் ஆண்டுச் செம்புக் காசு. இப்போது அடுத்தது.

(மேசையில் இன்னொரு காசு விழும் ஒலி)

'டப்' என்று செத்த ஒலி. 1996, துத்தநாகம். முன்னதன் எடை 3.11 கிராம், பின்னது 2.5 கிராம்.

1982 இரண்டும் கலந்த ஆண்டு. அதனால் அந்த ஆண்டுக் காசை மட்டும் டிஜிட்டல் தராசில் வையுங்கள். ஆண்டின் எழுத்திலும் பெரியது, சிறியது என்று இரண்டு உண்டு. பெரியதில் கடைசி '2' என்ற எண்ணின் அடிக்கோடு நேராக இருக்கும், சிறியதில் வளைந்திருக்கும். டென்வர் டி குறி, சிறிய எழுத்து, எடை 3.1 கிராம் என்று மூன்றும் ஒரே காசில் பொருந்தினால் மூச்சை நிதானமாக விட்டு, தராசைச் சரிபார்த்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். அப்படி ஒன்று முதன்முதலில் 2016இல்தான் வெளிப்பட்டது. துல்லியமாகச் சொன்னால் அது அச்சு வகையில் சேராது, தவறான உலோக வட்டில் அடிபட்ட காசு. ஆனால் இதே மேசையில், இதே வேலையில் அகப்படுவது.

இரண்டாம் சுற்றில் ஓர் ஆண்டுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி இல்லாத பிலடெல்பியா காசுகளில் 1972க்கு முன்பக்க வாசகமும் ஆண்டும். 1983க்குப் பின்பக்கம்: 'ஒன் சென்ட்' உட்பட எல்லா எழுத்தும் தடித்து இரட்டித்திருக்கும். பலரும் காசைத் திருப்பாமலே இதைத் தவறவிடுகிறார்கள். 1984க்கு லிங்கனின் காது: மடலுக்குக் கீழே இன்னொரு மடல் தொங்கும். 1995க்கு 'லிபர்ட்டி', 'இன் காட்' என்ற சொற்கள்.

1998, 1999, 2000 ஆண்டுகளுக்குப் பின்பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து, ஏ, எம். சாதாரணக் காசில் அவற்றின் கால்கள் ஒட்டினாற்போல் இருக்கும். சேகரிப்பாளர்களுக்காகச் செய்யும் ப்ரூஃப் காசின் பின்பக்க அச்சு தவறிப் புழக்கக் காசுக்குப் போனபோது, அந்த இரண்டுக்கும் நடுவே தெளிவான இடைவெளி விழுந்தது. சந்தேகமாக இருந்தால் பின்பக்கத்தில் உள்ள லிங்கன் நினைவிடக் கட்டடத்தின் வலது அடியில் வடிவமைப்பாளரின் எஃப்ஜி எழுத்தைப் பாருங்கள். இடைவெளி வகையில் அது கட்டடத்தை நெருங்கி நிற்கும். 1992இல் கதை தலைகீழ்: அந்த ஆண்டு இடைவெளிதான் சாதாரணம், ஒட்டியிருப்பதே அரிது. ஆண்டைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் இங்கே தடுமாறிவிடுவீர்கள்.

மற்ற ரோல்கள் பற்றிச் சுருக்கமாக. பத்து சென்ட் டைமில் 1980 முதல் பிலடெல்பியாவின் பி குறி உண்டு. 1982ஆம் ஆண்டு டைமில் ஒரு குறியுமே இல்லை என்றால் எடுத்து வையுங்கள். இருபத்தைந்து சென்ட் குவார்ட்டர் ரோலில் 40 காசு. 2004 விஸ்கான்சின், டென்வர் குறி, மக்காச்சோளத்தின் இடப்பக்கம் கூடுதலாக ஓர் இலை. அது மேல்நோக்கியது, கீழ்நோக்கியது என இரண்டு வகை.

கிடைத்ததைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். செம்பின் பழுப்புப் படலம் ஒரு முறை போனால் போனதுதான், மதிப்பும் கூடவே போய்விடும். மைலார் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கால் சாளரம் வைத்த அட்டை உறையில் போடுங்கள். பிவிசி கலந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் கசியவிட்டுக் காசை அரித்துவிடும். உறையின்மேல் ஆண்டு, எந்தப் பக்கம், எந்த எழுத்து என்று எழுதிவிட்டு, அச்சில் விழுந்த கீறல், விரிசல் போன்ற அடையாளங்களையும் குறித்து வையுங்கள். அதே அச்சின் இன்னொரு காசில் அந்தக் கீறலும் அதே இடத்தில் இருந்தால், உங்கள் சந்தேகத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்குமேல் பார்க்கவேண்டாம். களைத்த கண் எல்லாவற்றையும் இரட்டையாகக் காட்டும். ஐயமானவற்றைத் தனிக் கிண்ணத்தில் போட்டு மறுநாள் காலை வெளிச்சத்தில் பாருங்கள். பார்த்து முடித்த காசை, வாங்கிய வங்கிக் கிளையில் கட்டாதீர்கள். காசு எண்ணும் இயந்திரம் வைத்திருக்கும் வேறொரு வங்கியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரப் பெட்டியில் நீங்கள் கழித்த காசே உங்களிடம் திரும்பி வந்து சேரும்.

நன்றி. வணக்கம்.