நாய் சிரிப்பதற்கு நியாயம் வேண்டும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பழைய வீடியோ கேமைக் காப்பாற்றுவது அசல் கருவியா, எமுலேட்டரா?" என்ற தலைப்பில், அசல் கருவியே என்று வாதாட வந்திருக்கிறேன். எமுலேட்டர் என்றால், பழைய கருவியைப் போலவே நடித்து அதன் கேமைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஒரு போனில் ஆயிரம் கேம் ஓடுகிறது, தூசி படிந்த பெட்டி எதற்கு?" ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் டக் ஹன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் நின்டெண்டோ கொண்டுவந்த கேம். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற நகல் கருவிகளோடு துப்பாக்கியும் வந்ததால், வாத்து சுடும் கேம் என்றால் இந்த அவையில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே பாய்வதில்லை. வெளிச்சத்தை உணரும் சின்னச் சென்சார்தான் அதன் குழலுக்குள் இருக்கிறது. விசையை இழுத்ததும் திரை ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு தனிப் படம், முழுக்கக் கறுப்பாகும். அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். இரண்டு வாத்து என்றால் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் உள்ளே போனதோ அந்த வாத்து விழும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கருவியில் இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதே துப்பாக்கியை எல்இடி டிவியின் முன் நீட்டுங்கள். அந்த டிவி படத்தை வாங்கி, பெரிதாக்கி, காட்டுவதற்குள் நேரம் தவறிவிடும். பழைய பிக்சர் டியூப் கோடு கோடாக வரையும்போது எழும் ஒளித்துடிப்பும் அதில் இல்லை. குறி சரியாகவே இருக்கும், வாத்து விழாது, குறி தப்பினால் கேலி செய்ய அந்தக் கேமில் வரும் நாய் புல்லிலிருந்து எழுந்து சிரிக்கும். குறி தப்பியவனைப் பார்த்து அது சிரித்தால் வீடே சேர்ந்து சிரிக்கும். தப்பு செய்யாதவனைப் பார்த்துச் சிரித்தால் அதில் என்ன நகைச்சுவை? மவுஸால் சுடலாமே என்கிறார் எதிரணி நண்பர். அம்புக்குறியை நகர்த்திச் சொடுக்குவது வேறு. பின்னால் தம்பி தங்கைகள் கத்த, ஒரு கண்ணை மூடிக் கை நீட்டிச் சுடுவது வேறு.

"பழைய கருவி கெட்டுப்போகுமே" என்றார்கள். கெட்டுப்போகும். ஏன் கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

கேசட் ஓடவில்லையா? ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் செம்பில் பச்சைப் பாசியாக ஏறும். ஊதியதும் ஓடியதற்குக் காரணம், கழற்றி மறுபடி செருகியதில் பின்கள் சரியாகத் தொட்டதுதான். 99 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, கறுப்பு ஒட்டாத வரை துடையுங்கள், காயவிட்டுச் செருகுங்கள்.

நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயின் கேசட்டில் சேவ், அதாவது விட்ட இடத்தின் பதிவு, அழிகிறதா? உள்ளே இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். போக்கிமான் கோல்டு, சில்வர் கேம்களில் கடிகாரமும் அந்த பேட்டரியில்தான் ஓடுகிறது, அதனால் சீக்கிரமே தீரும். கேசட்டின் தனி வகைத் திருகுக்கான 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூடிரைவரால் திறக்கலாம். பேட்டரியைக் கழற்றினால் மிச்சமிருக்கும் சேவும் போய்விடும். முதலில் கேசட்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கும் கார்ட்ரிட்ஜ் ரீடரில் நகல் எடுங்கள். சால்டர் வைப்பதற்குக் காது போன்ற தகடு ஒட்டிய பேட்டரியை, பழையதில் உள்ள அதே எண்ணில் வாங்குங்கள்; கோல்டு, சில்வருக்கு அது சிஆர்2025. வெறும் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டர் வைத்தால் சூட்டில் அது வெடிக்கலாம். டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் அடுத்த முறை கேசட் கீழே விழும்போது சேவை இழப்பார்கள்.

சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியரில் சத்தம் குறைந்து திரை மங்கினால், பெரும்பாலும் மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உறுப்பான கெபாசிட்டர் கசிகிறது என்று பொருள். அந்தத் திரவம் போர்டின் செம்புக் கோட்டையே தின்றுவிடும், தள்ளிப்போடாதீர்கள். அதே மைக்ரோஃபேரட் (கெபாசிட்டரின் கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட், பிளஸ் மைனஸ் பார்த்து மாற்ற வேண்டும். பிக்சர் டியூப் டிவியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அது டிவி மெக்கானிக்கின் வேலை.

எல்லாக் கருவியையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நகல் கருவிகளில் கறுப்புப் பசைப் பொட்டுக்குள் புதைந்த சிப் செத்தால் வழியில்லை.

கடைசியாக ஒன்று. 1992-இல் வந்த சூப்பர் மாரியோ கார்ட் கேசட்டுக்குள் டிஎஸ்பி-1 என்ற கணக்குச் சிப் தனியாக உண்டு. அதன் உள் நிரல் தெரியாததால் எமுலேட்டர்கள் பல வருடம் அதன் விடைகளை வெளியிலிருந்து ஊகித்தே ஓட்டின. பிறகு ஓர் அசல் சிப்பின் மேலோட்டை நீக்கி, மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, பிட் பிட்டாகப் படித்தார்கள். அசல் இல்லாவிட்டால் அவர்கள் எதைப் படித்திருப்பார்கள்? இன்றும் எமுலேட்டரில் ஒரு கேம் கோளாறாக ஓடினால், எது சரி என்று பார்க்க அதே கேமை அசல் கருவியில் போட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். எதிரணி நண்பர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே!